அப்பா பக்கத்து பிரேக்

மதுரை காளவாசல் சிக்னலில்தான் அதை முதலில் கவனித்தேன். சிவப்பு விழுந்தது, பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது. நின்ற பிறகு என் காலடியில் பெடல் மெல்லக் கீழே போக ஆரம்பித்தது. நான் அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்த கால் வயல் சேற்றில் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அடிமட்டம் வரை போனதும் வண்டி தானாக உருண்டு, முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் முதுகில் மெதுவாக முட்டியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதையும் அவ்வப்போது பயன்படுத்தலாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். அன்று நான் திட்டு வாங்கினேன். காலை எடுத்து மறுபடி மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கணக்கு டீச்சருக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனாலும் அந்தக் காரில் அப்படி ஒன்று நடந்தபோது முதுகில் சில்லென்று ஏறியதை மறைக்க மாட்டேன். அது என் தம்பியின் கார்.

அவன் போனது காரில் இல்லை, பைக்கில். திண்டுக்கல் போகிற நான்குவழிச் சாலையில், வாடிப்பட்டிக்குச் சற்று முன்பாக, தப்பான பக்கத்தில் எதிரே வந்த லாரி. அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, ஒரே நொடி, என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பங்குச் சாமியார் சொன்னார். துக்கத்துக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்பா அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், மறுபடி பேச ஆரம்பித்தார்.

கார் வாசலில் நின்றது. விற்கலாம் என்று அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளி வாடிப்பட்டியில் இருக்கிறது. தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும், நாமே ஓட்டினால் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம் என்று காரை எடுத்தேன். முட்டாள்தனமான கணக்கு. ரோட்டில்தான் அது கிடந்தது. அவன் பிரேக் போட்ட டயர் தடம், கறுப்பாக ஒரு கோடு. மழை பெய்தும் போகவில்லை. பிறகொரு நாள் சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள், தடம் அடியில் போய்விட்டது. தார் போட்ட பிறகும் அந்த இடம் வரும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து என் கால் தானாக எழுந்துவிடும். அந்தத் தடத்தைப் பற்றி அப்பாவிடம் நான் பேசியதே இல்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா தம்பிக்கு முன்பே போய்விட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. அப்பா ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. தம்பி போன பிறகு என் காரில் இடப்பக்கம் உட்கார்ந்தால் அவர் பாடு பெரும்பாடு. முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தால் போதும், அவருடைய வலது கால் தரையிலிருக்கும் மிதியடியை ஓங்கி மிதிக்கும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அந்த இடத்தில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்தே போய்விட்டது. "உங்க பக்கத்து பிரேக் நல்லாப் பிடிக்குதாப்பா?" என்று கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

அதனால் பெடல் இறங்குவதைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் இன்னொரு முறை குடை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. என் பயமெல்லாம் அதுதான்.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பட்டறைக்காரர் என் கால் மேல் பழி போட்டார். லேடீஸ் பயந்து பயந்து மிதிப்பார்கள், அதனால் அப்படித் தோன்றும் என்றார். நான் அவரை இறங்கச் சொல்லி, அவரையே உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். அவர் காலுக்கும் இறங்கியது. உடனே பேச்சை மாற்றி, பைப்பில் காற்று புகுந்திருக்கிறது என்றார். சக்கரத்துக்குச் சக்கரம் போய்க் காற்றை எடுத்து, புது பிரேக் ஆயில் ஊற்றி விட்டார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. பிறகு பரவை மார்க்கெட் நெரிசலில் மறுபடி என் கால் கீழே போனது. அடியில் யாரோ என் பாதத்தைப் பிடித்து நிதானமாக இழுக்கிற மாதிரி இருந்தது. அவசரமே இல்லாத இழுப்பு. தம்பி சின்ன வயதில் கிணற்றில் நீந்தும்போது அப்படித்தான் அடியில் வந்து காலைப் பிடிப்பான். அன்று சத்தமாகவே அவனைத் திட்டினேன். காருக்குள் நான் மட்டும்தான் இருந்தேன்.

கடைசியில் சமயநல்லூருக்குப் போனேன். அங்கே தம்பியின் நண்பன் ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான். சொந்த வயலில் பாதியை மண்ணடித்து மேடாக்கிப் போட்ட கொட்டகை, பின்னாலேயே மீதி வயல். தம்பி அடக்கத்துக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. வண்டியைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மாறியது. "மாப்ள வண்டியில கை வச்சு எம்புட்டு நாளாச்சு" என்று பானட்டைத் தடவினான். அவன் பேச்சில் தம்பி செத்திருக்கவே இல்லை. மாப்ளைக்கு ஹார்ன் சத்தம் பிடிக்காது, மாப்ள கிளட்ச்சை இப்படித்தான் விடுவான் என்று பேசிக்கொண்டே போனான். எனக்கு அதைக் கேட்கவும் வேண்டியிருந்தது, அவன் வாயை மூடவும் வேண்டியிருந்தது.

வாய்ச்சவடால் கொஞ்சம் ஜாஸ்திதான் அவனுக்கு. மதுரையில் எவனுக்கும் வேலை தெரியாது, இந்தா முடிச்சுத் தாரேன் என்று ஆரம்பித்தான். நான்கு சக்கரத்தையும் கழற்றி உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஒழுகவில்லை. பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனான். ஈரமில்லை. பானட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறையவில்லை. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்குகிறதென்றால் கோளாறு உள்ளேதான் என்றான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்கிற குழாய்க்குள் ஒரு தண்டு ஆயிலை முன்னால் தள்ளும். தண்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் வாஷர்தான் ஆயிலைப் பின்னால் வரவிடாமல் பிடித்துக்கொள்வது. அது கெட்டுப்போனால் ஆயில் ஓரமாக நழுவிப் பின்னாலேயே வந்துவிடும். ஓங்கி மிதித்தால் நிற்கும், மெதுவாக வைத்திருந்தால் இறங்கும். இதுவரை எனக்கு நன்றாகவே புரிந்தது. ரப்பர் வாஷர்களை மாற்றினான், பெடல் நின்றது. அன்று படுத்ததும் பயமில்லாமல் தூங்கினேன்.

மார்கழி பிறந்தபோது பெடல் மறுபடி இறங்கியது.

இந்த முறை அவன் சவடால் பேசவில்லை. புது ரப்பர் இவ்வளவு சீக்கிரம் போகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். வயலிலிருந்து பனி இன்னும் விலகவில்லை. அவன் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடியின் அடியிலிருந்து எடுத்த ரப்பர் வளையத்தை மறுபடி மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். அது உட்காரவில்லை. ஊதிப் பெருத்து, மழையில் ஊறிய செருப்பு மாதிரி நெளிந்து கிடந்தது. நான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆயிலின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் மிதந்தன.

அது என்னவென்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில்தான் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்துவிட்டுத் தலை சீவியிருந்தேன். அவனிடம் சொன்னேன். அவன் நம்பாமல் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிட்டது. எண்ணெய் மட்டும் மேலே வந்து நின்றது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

தேங்காய் எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும், ஓரம் மடிந்துபோகும் என்றான். ஒவ்வொரு தடவை காற்றெடுக்கும்போதும் மேலே மிதந்தது கீழே இறங்கி உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் புது ரப்பரும் நிற்கவில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இது தானா வராதுக்கா. யாரோ ஊத்தியிருக்காக. உங்களுக்கு ஆகாதவுக யாரும் இருக்காகளா?" என்று கேட்டான்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு ஆகாதவர்களை எல்லாம் மனசுக்குள் வரிசையில் நிறுத்தினேன். பிறகு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன பாட்டில் உண்டு. திருவிழாவில் மந்திரித்துக் கொடுக்கிற தேங்காய் எண்ணெய். அம்மா இருந்தவரைக்கும் வீட்டிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் அதில் ஒரு சொட்டு எடுத்துச் சிலுவை போட்டுத்தான் அனுப்புவாள். அப்பா அறிவியல் வாத்தியார் இல்லையா, சீட்டு வழுக்குகிறது என்று கிண்டல் செய்வார். அம்மா போன பிறகு அந்தப் பழக்கமும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குக் கிளம்புமுன், நான் குளிக்கிற நேரத்தில், கண்ணாடி துடைக்க வேண்டும் என்று அப்பா கார்ச் சாவியை வாங்கிக்கொள்வார். மனிதருக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அம்மா போடும் சிலுவையை நண்பனும் பார்த்திருக்கிறான், நான் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. வெகு நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்பாட்ட சொல்லீராதீங்கக்கா. ஏற்கெனவே ஒண்ணப் பறிகுடுத்த மனுசன். தன் கையால இன்னொண்ணும் போகப் பாத்துச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு" என்றான். மூடியைத் திறக்க முடியாதபடி கம்பி வைத்து முறுக்கித் தருவதாகச் சொன்னான். எல்லா ரப்பரையும், பைப்பையும், சிலிண்டரையும் மாற்றி, உள்ளே இருந்ததைச் சுத்தமாக வழித்தெடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் அவனே வண்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான். உள்ளே வரவில்லை.

வண்டி வரும்வரை எனக்கு எரிச்சல். அப்பா மேல், எண்ணெய் மேல், செத்துப்போன இரண்டு பேர் மேலும்தான். சொல்லாவிட்டால் அவர் மறுபடி ஊற்றுவார். கம்பியைப் பார்த்தால் ஏன் என்று கேட்பார், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார், முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவர். பாட்டிலை ஒளித்து வைத்தால் கோயிலில் இன்னொன்று வாங்குவார். சொன்னாலோ, நண்பன் சொன்னது மாதிரி ஆகிவிடும். வண்டி வந்ததும் கம்பி வேண்டாம் என்று கழற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எதையும் முடிவு செய்யத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாவி கேட்டார், கொடுத்தேன். குளிக்கப் போகாமல் சமையலறை ஜன்னலில் நின்றேன். கண்ணாடியை நன்றாகவே துடைத்தார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு பானட்டைத் தூக்கினார். சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், உறைந்திருக்கக் கூடாதென்று உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். என்ஜின் மேல் ஒரு சிலுவை, பேட்டரி மேல் ஒரு சிலுவை. அப்புறம் பிரேக் ஆயில் மூடியைத் திருகினார். பரிசோதனைக் கூடத்தில் அமிலம் சொட்டக் காட்டிய அதே விரல்கள், அதே கவனம். உதடு அசைந்துகொண்டிருந்தது. தம்பி பெயர் இல்லை. என் பெயர்தான்.

ஓடிப்போய், "அப்பா, அதை மூடுங்க" என்றேன்.

அவர் திருடன் மாதிரி நின்றார். நான் வகுப்பில் சொல்கிற குரலில், எங்கேயும் நிற்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிக்னல், ஆட்டோ, ரப்பர், டம்ளரில் மிதந்த எண்ணெய். எங்கேயாவது நின்றிருந்தால் பாதியில் விட்டிருப்பேன். அவர் மூடியை ஒழுங்காகத் திருகி மூடிவிட்டு, "ரப்பர் ஊதும். ஆமா. எனக்குத் தெரியுமேம்மா, நானே பாடம் நடத்தியிருக்கேன்" என்றார். பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "மேல வச்சா தொடைச்சா போயிருது. உள்ள இருந்தா உன்கூடவே வரும்னு நெனைச்சேன்" என்றார்.

அவர் உடைந்துபோவார் என்று கையைப் பிடிக்கத் தயாராக நின்றேன். உடையவில்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தம்பி பைக்கை எடுத்தபோது எண்ணெய் வைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்ததாகச் சொன்னார். பாட்டிலைக் கையில்கூட எடுத்தாராம். அவனும் அவரும் சேர்ந்து அம்மாவைக் கிண்டல் செய்தது நினைவுக்கு வர, வெட்கப்பட்டுத் திரும்ப வைத்துவிட்டாராம். அத்தனை நாளும் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடமும்கூட இல்லை.

"அப்ப, வச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. இல்லையாம்மா?" என்று கேட்டார். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் கண் அவருக்கு.

எனக்கு ஒரே சந்தோஷமாகிவிட்டது. சொல்லப் பயந்த விஷயம் அவரை விடுவிக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த வேகத்தில், இன்னும் ஒரு ஆணி அடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. அவன் வண்டியில பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ரோட்டுல தடம் கெடந்துச்சு, நானே பாத்தேன்."

"நீளமாவா?"

"நீளமாத்தான்."

அவர் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அப்ப லாரியைப் பாத்திருக்கான்" என்றார்.

கோயில் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பூசைக்குக் கிளம்பி, எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் என்னென்னவோ சொன்னேன். ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றேன், தடம் வேறு வண்டியுடையதாகக்கூட இருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். பிள்ளைகள் பொய் சொல்லும்போது அவர் அப்படித்தான் தலையாட்டுவார். பாட்டிலை உள்ளே கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே, பழைய இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதை எடுத்து நான் பார்த்ததில்லை.

பிரேக் இப்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் எவ்வளவு நேரம் கால் வைத்திருந்தாலும் பெடல் இம்மிகூட இறங்குவதில்லை. நண்பன் எப்போதாவது போன் செய்து பெடல் நிற்கிறதா என்று கேட்பான், நிற்கிறது என்பேன். அப்பாவைப் பற்றிக் கேட்பான், நன்றாக இருக்கிறார் என்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னோடு வாடிப்பட்டி வரைக்கும் வந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவதாகச் சொன்னார். தம்பி போன பிறகு அந்தச் சாலையில் அவர் வந்ததே இல்லை. வழியில் ஆடு குறுக்கே வந்தது, பஸ் ஒன்று முன்னால் வெட்டிக்கொண்டு போனது. அவர் கால் அசையவில்லை. என்னை ஓட்டவிட்டு இருபக்கமும் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அந்த இடம் வந்தது. புதுத் தாரில் அடையாளம் எதுவும் கிடையாது, நானும் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல ஆக்சிலரேட்டரிலிருந்து என் கால் எழுந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவருடைய வலது கால் தேய்ந்த இடத்தில் போய் அழுந்தியது. ஓங்கி மிதிக்கவில்லை. மெல்ல, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டே இருந்தார். தடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு.

இடம் தாண்டிவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அவர் காலை எடுக்கவில்லை.